ஒன்பது கட்டக் குவில்ட்டில் நான்கு கிராஸ் ஸ்டிச்: 36 இன்ச் வேலையின் பதிவு

கட்டம் எண்ணிப் பெருக்கல் குறி போலப் போடும் கை எம்ப்ராய்டரிதான் கிராஸ் ஸ்டிச்; முடித்த துண்டுகள் பெரும்பாலும் டப்பாவுக்குள்தான் போய்ச் சேரும். கண்ணாடி போட்டு மாட்ட ஒரு சுவருக்கு எத்தனைதான் தாங்கும்? துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் குவில்ட்டின் கதை வேறு. மேசையைக் காலி செய்து, மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்து வைக்க அரைநாள் வேண்டும் என்பதாலேயே வெட்டிய துணி மடித்த நிலையிலேயே கிடக்கும். இரண்டையும் ஒரே வேலையாகக் கட்டிவிட்டால் கிராஸ் ஸ்டிச்சுக்குப் போய்ச்சேர ஒரு இடம் கிடைக்கும், குவில்ட்டும் நடுவில் படுத்துவிடாது. அப்படிக் கட்டிய ஒரு சின்னக் குவில்ட்டின் அளவுகளும் படிகளும், இடறும் இடங்களும் இங்கே.

முடிந்த அளவு 36 இன்ச் சதுரம். குழந்தைக்குப் போர்த்தலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம், சுவரிலும் தொங்கவிடலாம். 6 இன்ச் பிளாக்குகள் (சதுரத் துண்டுகள்) வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, மொத்தம் 25. அதைச் சுற்றி 3 இன்ச் பார்டர். நான்கு மூலைகளிலும் ஒன்பது கட்ட பிளாக் (மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சிறு சதுரங்களை இணைத்தது) வரும்படி ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் ஒன்பது கட்டம் 13, இடைப்பட்டவை 12. அந்தப் பன்னிரண்டில் நட்ட நடு பிளாக்கின் மேல், கீழ், இடம், வலம் என நான்கு மட்டும் கிராஸ் ஸ்டிச். மற்ற எட்டும் வெறும் வெளிர் துணி. பன்னிரண்டிலும் கிராஸ் ஸ்டிச் போட ஆசை வரும். ஆனால் அந்த ஆசைதான் இந்த மாதிரி வேலைகளைப் பாதியில் நிறுத்துகிறது.

துணிக் கணக்கு

எல்லாக் கணக்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது: பிளாக் தைத்து முடிந்தபின் 6 இன்ச், வெட்டும்போது ஆறரை இன்ச். சுற்றிலும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும்.

துணியின் அகலம் 44 இன்ச் என்று இருந்தாலும் கரையை வெட்டி, துவைத்துச் சுருங்கியபின் 40 இன்ச்தான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அடர் நிறத்தில் ஒன்பது கட்டத்துக்கு இரண்டரை இன்ச் பட்டை 5, பார்டருக்கு மூன்றரை இன்ச் பட்டை 4, ஓரம் கட்ட இரண்டரை இன்ச் பட்டை 5. கூட்டினால் 39 இன்ச். துவைத்தபின் முனையை நேராக்குவதில் கொஞ்சம் போகும் என்பதால் 1.25 மீட்டர் வாங்கினால் சரி. வெளிர் நிறத்தில் இரண்டரை இன்ச் பட்டை 4, எட்டுச் சதுரங்களுக்காக ஆறரை இன்ச் பட்டை 2. ஆக 23 இன்ச். 75 சென்டிமீட்டர் போதும். அடித்துணி 1.2 மீட்டர். நடுவில் வைக்கும் பேட்டிங் 40 இன்ச் சதுரம். அடித்துணியும் 40 இன்ச்சுக்குள் நின்றால் நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வரும். குவில்ட்டை 40 இன்ச்சுக்கு ஏற்றாமல் 36 இன்ச்சில் நிறுத்தியதற்கு அதுவே காரணம்.

துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும், அடர் நிறத்தைத் தனியாக. காய்வதற்குள் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயம் விடுகிறதா என்று தெரிந்துவிடும். உப்போ வினிகரோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். இப்போது பருத்திக்குப் பரவலாகப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் அது வேலை செய்யாது. இழையில் பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தை நீர் தெளியும்வரை அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. இரண்டு மூன்று அலசலுக்குப் பிறகும் நீர் சிவந்துகொண்டே இருந்தால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிராஸ் ஸ்டிச் போடும், கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியை மட்டும் முதலில் துவைக்கக் கூடாது. அதிலுள்ள கஞ்சி போய்விட்டால் துணி துவண்டு, கட்டங்கள் கண்ணுக்குப் பிடிபடாது. அதன் சுருக்கத்துக்கு வேறு இடத்தில் வழி இருக்கிறது.

கிராஸ் ஸ்டிச்

14 கவுண்ட் ஐடா, அதாவது ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம். 18 இன்ச் சதுரத்தை நான்காக வெட்டினால் 9 இன்ச் துண்டுகள் நான்கு கிடைக்கும். வெட்டிய கையோடு ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டிவிட வேண்டும். விட்டால் ஒரு மாதத்தில் சுற்றிலும் அரை இன்ச் பிரிந்துவிடும்.

டிசைன் 56க்கு 56 கட்டம் என்றால் துணியில் 4 இன்ச்சுக்கு 4 இன்ச். இந்த அளவை எடுத்ததில் ஒரு லாபம் உண்டு. 4 இன்ச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 5.7 இன்ச், ஆகவே மொத்த டிசைனும் 6 இன்ச் எம்ப்ராய்டரி வளையத்துக்குள் அடங்கிவிடும். வளையத்தை இடம் மாற்றவே வேண்டாம், போட்ட தையலின் மேல் வளையம் நசுக்கிய தடமும் விழாது. இருந்தாலும் அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுவதே நல்லது. வளையம் துணியைப் பிடிக்கும் இடத்தில் கையழுக்கும் தூசியும் சேர்ந்து வட்டமாக ஒரு கறை படியும். வாரக்கணக்கில் கழற்றாமல் விட்ட கறை லேசில் போகாது.

துணியை இரண்டு முறை மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பத்துப் பத்துக் கட்டமாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். டிசைனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் சார்ட்டிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் எண்ணும் வேலை பாதியாகக் குறையும். கோடு போட நீரில் கரையும் பேனா நல்லது, ஆனால் குளிர்ந்த நீரில் கழுவுவதற்கு முன் அதன்மேல் இஸ்திரி படவே கூடாது. சூடு பட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். சூட்டில் மறையும் பேனா இந்த வேலைக்கு ஆகாது. மறைந்த கோடு குளிரில் திரும்பி வரும். பேனாவே வேண்டாம் என்றால் வழுக்கலான மெல்லிய மீன்பிடி நைலான் நூலைக் கோட்டுக்குக் கோடு ஓட்டி, முடிந்தபின் உருவிவிடலாம். ஊசி அதைக் குத்திக்கொண்டு போகாது. சாதாரணத் தையல் நூலில் ஓட்டினால் பல இடங்களில் கிராஸ் ஸ்டிச்சோடு சிக்கிக்கொள்ளும்.

ஊசி 24ஆம் எண், மொட்டை முனை. நூல் ஆறு இழையில் இரண்டு. எத்தனை கண்டு வாங்குவது என்பதற்குக் கட்டத்தின் அளவிலிருந்தே கணக்குப் போடலாம். 14 கவுண்ட்டில் ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மில்லிமீட்டர். முன்பக்கம் இரண்டு மூலைவிட்டம், பின்பக்கம் இரண்டு நேர்க்கோடு என ஒரு தையலுக்கு ஒரு இழையில் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். இரண்டு இழைக்கு 17.5. ஒரு கண்டில் 8 மீட்டர், ஆறு இழையாகப் பிரித்தால் 48 மீட்டர். வகுத்தால் 2,700 தையல் வருகிறது, ஆனால் கையில் அவ்வளவு வராது. நூலின் தலைப்பு, வால், பின்பக்கம் தாண்டுவது, பிரித்துப் போட்டது எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தின்னும். கண்டுக்கு 1,800 என்று வைத்துக்கொண்டால் நடுவில் நூல் தீராது. பெரிய பரப்பை நிரப்பும் நிறத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே சாயத் தொகுதியாகப் பார்த்து வாங்கிவிட வேண்டும். டிஎம்சி, ஆங்கர் என்ற இரண்டு நூல் கம்பெனிகளின் நிற எண்களை மாற்றிப் பார்க்கும் பட்டியல்கள் தோராயமானவை. ஒரே இலைக்குள் இரண்டையும் கலந்தால் பகல் வெளிச்சத்தில் ஒட்டுத் தெரியும்.

நூலைத் தொடங்குவதற்கு முடிச்சு வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழையை எடுத்து இரண்டாக மடித்து, இரண்டு நுனிகளையும் ஊசியில் கோர்த்தால் மறுமுனையில் ஒரு கண்ணி நிற்கும். துணியின் பின்னாலிருந்து ஊசியை ஏற்றி, முதல் கால் (பெருக்கல் குறியின் ஒரு கோடு) போட்டு இறக்கும்போது அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் மேடே இருக்காது. ஒரு மீட்டரில் ஏறக்குறைய 45 முதல் 50 தையல் போகும். அதைவிட நீளமாக எடுத்தால் துணிக்குள் ஏறி இறங்கியே நூல் பஞ்சாகப் பிரிந்து, கடைசிப் பத்துத் தையல் மங்கலாகத் தெரியும்.

வரிசையாக அரைத் தையலைப் போட்டுக்கொண்டே போய்த் திரும்பும்போது மேல் காலைப் போடுவது வேகம். சிதறிய ஒற்றைத் தையல்களை அங்கங்கேயே முழுதாக முடித்துவிடலாம். எப்படிப் போட்டாலும் எல்லாத் தையலிலும் மேல் கால் ஒரே திசையில் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சம் அதன்மேல் வேறுமாதிரி விழும். நிறமே மாறியதுபோல் அந்தக் கட்டம் தனித்துத் தெரியும். வளையத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துத் தைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேரும். வளையத்தின் திருகு எப்போதும் ஒரே மூலையில், உதாரணமாக இடது மேல் பக்கம், இருக்கும்படி பிடித்தால் திசை மாறாது.

இரண்டு இழைகளும் முறுக்கிக்கொண்டால் தையல் மெலிந்து, அடியிலுள்ள வெள்ளைத் துணி தெரியும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியை விட்டுத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும். மேல் காலைப் போடும்போது ஊசியை இரண்டு இழைகளுக்கு நடுவே இறக்கினால் இழைகள் பக்கம்பக்கமாகப் படுத்துக் கட்டத்தை நிறைக்கும். எல்லாத் தையலுக்கும் இதைச் செய்யப் பொறுமை வேண்டும். மேல் காலுக்கு மட்டும் செய்தாலே போதும், கீழ்க் காலை யாரும் பார்ப்பதில்லை.

பின்பக்கம் ஓர் இடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும்போது மூன்று கட்டத்துக்கு மேல் போகக் கூடாது. குவில்ட்டில் இது கூடுதல் முக்கியம். பின்னால் வெள்ளை பேட்டிங் வரும். கறுப்பு, கருநீல நூல் தாண்டியிருந்தால் ஐடாவின் துளைகள் வழியாக நிழல்போல் கோடு தெரியும். வால்களையும் அதே நிறத் தையலுக்கு அடியிலேயே நுழைத்து வெட்ட வேண்டும். டிசைனின் விளிம்புக்குப் போடும் பேக் ஸ்டிச் கோடுகள் ஒற்றை இழையில், எல்லாம் முடிந்தபின்.

எண்ணிக்கை தப்புவதுதான் கிராஸ் ஸ்டிச்சில் வேலையை உண்மையில் நிறுத்தும் சங்கதி. பத்துக் கட்டக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் சார்ட்டில் அந்தக் கோட்டை ஒட்டிய தையல் எது, துணியில் எது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் பிசகு பத்துக் கட்டத்துக்குள்ளேயே பிடிபடும். தனியே நிற்கும் இலையோ மொட்டோ ஒரு கட்டம் தள்ளியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. சட்டம், சங்கிலி மாதிரி சுற்றிவந்து சேர வேண்டிய டிசைனில் விட முடியாது, கடைசியில் முனைகள் சந்திக்காது. பிரிக்கும்போது ஊசியால் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தால் ஐடாவின் துளைகள் விரியும். கூரான சிறு கத்தரியால் பின்பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டி, முன்பக்கத்திலிருந்து துண்டுகளை எடுப்பது துணிக்குப் பாதுகாப்பு. வெட்டி எடுத்த நூலைத் திரும்பப் போட வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும்

56க்கு 56 என்றால் 3,136 கட்டம்; வெற்றிடம் போக ஒரு பூ டிசைனில் 1,300 தையல் என்று வைக்கலாம். நான்குக்கு 5,200. மணிக்கு 100 தையல் என்ற நிதானத்தில் 52 மணி நேரம், தினம் அரை மணி கிடைத்தால் மூன்றரை மாதம். மெஷின் வேலை முழுவதையும் இதன் முடிவுக்குத் தள்ளினால் உற்சாகம் வடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு துண்டு முடியும்போதும் மெஷின் வேலையில் ஒரு கட்டம் என்று கோத்துக்கொள்வது பலன் தரும்: முதல் துண்டு முடிந்ததும் துணி துவைத்து வெட்டுவது, இரண்டாவதுக்குப் பட்டைகளை இணைப்பது, மூன்றாவதுக்கு 13 பிளாக்குகள், நான்காவது முடிந்தபின் எல்லாவற்றையும் கூட்டுவது. மேசையை மாதத்துக்கு ஒருமுறை காலி செய்தால் போதும்.

நூல் மாற்றும் நேரத்தையும் குறைக்கலாம். ஒரு நிறத்துக்கு ஒரு ஊசி என்று ஏழெட்டு ஊசிகளைக் கோர்த்துவைத்தால் அரை மணி நேரத்தில் தைக்கும் நேரம் கூடும். நிறுத்தும்போது சார்ட்டில் முடித்த கட்டங்களை ஹைலைட்டரால் அடித்துவிட வேண்டும். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போகும்.

ஒன்பது கட்டம்

வெட்டியதைத் தைப்பதற்கு முன் மெஷினில் கால் இன்ச் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை இன்ச் அகலப் பட்டை மூன்றை வெட்டி, பக்கம்பக்கமாகத் தைத்து, இஸ்திரி வைத்து, நடுப்பட்டையை அளந்தால் சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். மொத்த அகலம் மூன்றரை. நடுப்பட்டை குறைந்தால் தையல் அகலமாகப் போகிறது என்று பொருள். அளவுகோலில் கால் இன்ச்சுக்குச் சரியாகத் தைத்தாலும் குறையும், ஏனென்றால் தையலைச் சாய்த்து மடிக்கும்போது மடிப்புக்குக் கொஞ்சம் துணி போகிறது. அதனால் கால் இன்ச்சுக்கு ஓரிரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் அதற்கு நேராகத் தடித்த டேப் ஒட்டிவிட்டால் துணியின் ஓரம் அதில் இடித்துக்கொண்டே போகும்.

இந்தச் சோதனையைத் தாண்டிப்போனால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். தையல் 1/16 இன்ச் அகலமாகப் போனால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/8 இன்ச் போகும். ஒன்பது கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல், ஆக பிளாக் ஆறேகால் இன்ச்தான் வரும். பக்கத்தில் வரும் வெறும் சதுரம் ஆறரை. கால் இன்ச் வித்தியாசத்தை இழுத்துப்பிடித்துத் தைத்தால் சதுரம் கொப்பளிக்கும். ஒரு வரிசையில் ஒன்பது கட்டம் மூன்று, அடுத்ததில் இரண்டு என்பதால் வரிசைகளின் நீளமும் ஒத்துவராது.

பட்டைகளை மூன்று மூன்றாக இணைக்க வேண்டும். அடர், வெளிர், அடர் என்று இரண்டு தொகுப்பு. வெளிர், அடர், வெளிர் என்று ஒரு தொகுப்பு. தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், ஊசி 80/12. முதல் தையலை மேலிருந்து கீழே ஓட்டினால் இரண்டாவதைக் கீழிருந்து மேலே ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒரே முனையிலிருந்து தைத்தால் தொகுப்பு வில்லாக வளையும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும். இழுத்தாலும் அதே வளைவு வரும். எல்லாத் தையலையும் அடர் நிறத்தின் பக்கமே சாய்த்தால் ஒரு தொகுப்பில் வெளிப்புறமும் மற்றதில் உட்புறமும் படியும். குறுக்கே சேர்க்கும்போது இரண்டு மேடுகளும் எதிரெதிராகப் பூட்டிக்கொண்டு மூலைகள் தானாகப் பொருந்தும்.

பிறகு ஒவ்வொரு தொகுப்பையும் குறுக்கே இரண்டரை இன்ச் துண்டுகளாக வெட்ட வேண்டும். மேலும் கீழும் முதல் வகை, நடுவில் இரண்டாவது வகை என்று மூன்று துண்டு ஒரு பிளாக்; ஆக முதல் வகை 26, இரண்டாவது வகை 13. ஒரு தொகுப்பில் 15 துண்டு கட்டாயம் வரும். மூன்று வெட்டுக்கு ஒருமுறை அளவுகோலின் குறுக்குக் கோட்டை உள்தையலோடு ஒட்டிவைத்து முனையை நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசித் துண்டுகள் சாய்சதுரமாகும். சக்கரம்போல் உருளும் ரோட்டரி கட்டரின் பிளேடு அங்கங்கே ஓர் இழையை வெட்டாமல் விட ஆரம்பித்தால் கையை அழுத்துவதில் பயனில்லை, பிளேடை மாற்ற வேண்டும்.

ஐடாவைப் பிளாக் ஆக்குவது

இரண்டு வேலைகளும் சந்திக்கும் இடம் இது. தவறினால் திருத்த முடியாத இடமும் இதுதான்.

முடித்த துண்டைக் குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில் ஊறவைத்து அலச வேண்டும். சிவப்பு கசிந்தால் பதற்றம் வேண்டாம், காயவிடாமல் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் போய்விடும். காய்ந்து இஸ்திரியும் பட்டபின்தான் கறை நிற்கும். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தடித்த டவலின் மேல் முகம் கீழாக வைத்து இஸ்திரி. ஐடா சுருங்க வேண்டியது இங்கேயே சுருங்கிவிடும்.

அடுத்து, இஸ்திரி வைத்தால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸைப் பின்பக்கம் முழுவதும் ஒட்ட வேண்டும். நூல் வால்கள் அப்படியே பிடித்துக்கொள்ளும், வெட்டிய ஓரமும் பிரியாது. கால் இன்ச் தையலில் ஐடாவின் மூன்றரைக் கட்டம்தான் இருக்கிறது. அதில் இரண்டு கட்டம் பிரிந்துபோனால் துவைக்கும்போது தையலே கழன்றுவரும்.

கேன்வாஸ் ஒட்டியபின்தான் ஆறரை இன்ச்சுக்கு வெட்டுவது. இங்கே கட்டங்களை எண்ணி வெட்டக் கூடாது. 14 கவுண்ட் என்று விற்பது இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை, துவைத்தபின் இன்னும் மாறும். டிசைனின் நடுவைக் குறித்து, அங்கிருந்து நாலு பக்கமும் மூன்றேகால் இன்ச் அளவுகோலால் அளந்து வெட்ட வேண்டும்.

கூட்டும்போது எல்லாத் தையலையும் ஒன்பது கட்டத்தின் பக்கமே சாய்க்க வேண்டும். வெற்றுப் பிளாக்கின் பக்கம் சாய்ப்பதே வழக்கம் என்றாலும் இங்கே அது பொருந்தாது. ஐடாவின் பக்கம் சாய்த்தால் தடித்த ஐடா ஓரம் தன்மேலேயே மடிந்து மேடாகும், அடர் துணியின் ஓரமும் வெள்ளைக்கு அடியில் நிழலாகத் தெரியும். ஒன்பது கட்டத்தின் பக்கம் சாய்த்தால் ஐடா மடியாமல் நேராகப் படுக்கும். அடுத்தடுத்த வரிசைகளில் சாய்வும் எதிரெதிராகவே அமையும், பிளாக் மூலைகள் பூட்டிக்கொள்ளும்.

பார்டர் பட்டையைத் தைத்துக்கொண்டே போய் மிஞ்சியதை வெட்டினால் ஓரம் அலையடிக்கும். குவில்ட்டின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் அளந்து, சராசரிக்கு இரண்டு பட்டைகளையும் ஒரே அளவில் வெட்டி, பாதியிலும் கால்பாகங்களிலும் குண்டூசி குத்திப் பொருத்த வேண்டும். கணக்குப்படி பக்கங்களுக்கு முப்பதரை, மேல்கீழுக்கு முப்பத்தாறரை.

மூன்று அடுக்கும் குவில்ட்டிங்கும்

அடித்துணியை முகம் கீழாகத் தரையில் விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்து டேப் ஒட்ட வேண்டும், துணி நீளும் அளவுக்கு அல்ல. அதன்மேல் பேட்டிங், மேலே தைத்த முகம். நடுவிலிருந்து வெளியே, 4 இன்ச்சுக்கு ஒரு சேஃப்டி பின். ஏறக்குறைய எண்பது பின் வேண்டும். கிராஸ் ஸ்டிச்சின் மேல் குத்த வேண்டாம்.

ஒன்பது கட்டத்தில் அடர் சதுரங்கள் ஐந்தும் இரண்டு மூலைவிட்டங்களின் மேல் இருக்கின்றன. பிளாக்குகளும் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதனால் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் கோட்டை ஒரு பிளாக்கின் மூலைவிட்டத்தில் தொடங்கினால் அது அடுத்த ஒன்பது கட்டத்துக்குள் போய், குவில்ட்டின் ஓரம்வரை நிற்காமல் ஓடும். திசைக்கு ஐந்து, மொத்தம் பத்தே கோடுகள். இவற்றில் ஒன்றுகூட கிராஸ் ஸ்டிச்சின் மேல் ஏறாது. கோடுகளைப் பார்டரின் வெளி ஓரம்வரை ஓட்டிவிடலாம்.

ஆனால் இணைக் கோடுகளுக்கு நடுவில் எட்டரை இன்ச் இடைவெளி விழுகிறது. பல பேட்டிங்குகளுக்கு அது அதிகம். ஆகவே கிராஸ் ஸ்டிச்சுக்கு அரை இன்ச் வெளியே, 5 இன்ச் சதுரமாக ஒரு சுற்று. வெறும் சதுரங்களிலும் அதே சுற்று, விருப்பப்பட்டால் உள்ளே இன்னொன்று. 5 இன்ச் இடைவெளியைத் தாங்குமா என்று பேட்டிங் உறையைப் பார்த்தே வாங்க வேண்டும். தாங்காததைப் போட்டால் சில துவையலில் பஞ்சு உள்ளே உருண்டுவிடும்.

மேல் துணியையும் கூடவே நகர்த்தும் வாக்கிங் ஃபுட், 90/14 ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போக வேண்டும். சாதாரண ஃபுட்டில் கீழ்த் துணியைப் பல் இழுக்க, மேல் துணி பின்தங்கி, கோடுகள் வெட்டும் இடத்தில் மடிப்பு விழும். அடிப்பக்கம் நூல் வளையங்கள் வந்தால் பாபினைச் சந்தேகிக்கும் முன் மேல் நூலைக் கழற்றி, ஃபுட்டைத் தூக்கிய நிலையில் மறுபடி கோர்த்துப் பார்க்க வேண்டும். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காருவதில்லை. பாபின் நூல் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஓரம் கட்டுதல்

குவில்ட்டைச் சதுரமாக வெட்டியபின் சுற்றளவு 146 இன்ச். இணைக்க இன்னும் பத்து இன்ச். 40 இன்ச் பட்டை நான்கை மூலைவாக்கில் இணைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டரை இன்ச் போய் 152.5தான் மிஞ்சும், மூன்றரை இன்ச் போதாமல் நிற்கும். அதனால்தான் ஐந்து பட்டை.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி வைத்து, முன்பக்கத்தில் வெட்டிய ஓரங்களை ஒட்டிவைத்துக் கால் இன்ச்சில் தைக்க வேண்டும். மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி, நூலை வெட்டி, பட்டையை மேலே சாய்வாக மடித்து, பிறகு அடுத்த பக்கத்தோடு நேராகக் கீழே மடித்து, விளிம்பிலிருந்தே மறுபடி தைத்தால் திருப்பும்போது மூலை கூராக வரும். கால் இன்ச் விடாமல் விளிம்புவரை தைத்துவிட்டால் மூலை உருண்டுவிடும். கடைசியில் பத்து இன்ச் இடம் விட்டு, இரண்டு முனைகளையும் பட்டையின் அகல அளவுக்கு, அதாவது சரியாக இரண்டரை இன்ச், ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்ட வேண்டும். மடிப்பைப் பிரித்துச் செங்குத்தாக வைத்து மூலைவாக்கில் தைத்து, முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்தபிறகே மிச்சத்தை வெட்டுவது. பின்பக்கம் கையால் ஹெம்மிங்.

முதல் துவையல் குளிர்ந்த நீரில், சாயம் பிடிக்கும் தாள் ஒன்றைப் போட்டு. பருத்தி பேட்டிங் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும் என்பதால் 36 இன்ச் ஏறக்குறைய 35க்கு வந்து, சுற்றிலும் மென்மையான சுருக்கங்கள் விழும். கேன்வாஸ் ஒட்டிய ஐடா பிளாக்குகள் அவ்வளவு சுருங்காமல் தட்டையாகவே நிற்கும். இந்த வித்தியாசம் பிடிக்காதவர்கள் ஆரம்பத்திலேயே பாலியஸ்டர் பேட்டிங் எடுத்துக்கொள்ளலாம். கொடியில் தொங்கவிட்டால் ஈர பாரத்தில் தையல் இழுபடும், அதனால் தரையில் விரித்துக் காயவைக்க வேண்டும், கிராஸ் ஸ்டிச் பக்கம் வெயில் படாதபடி.